ஆத்தங்குடித் தரையும் முதியோர் நடையும்

ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து செல்லும் செட்டிநாட்டு ஆத்தங்குடி வீடுகள், பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு, பல புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள், ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கென்று நகரத்தார் கட்டியவை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் தொழில் கொண்டுவிட்ட இந்நாளில், அத்தகைய வீடுகள் பலவற்றில் எஞ்சியிருப்போர் ஓர் ஐயாவும் ஓர் ஆச்சியுமே. சில வீடுகளில் ஆச்சி மட்டும். வீட்டின் அளவு மாறவில்லை, அதில் நடமாட வேண்டிய கால்களுக்கு வயது எழுபத்தைந்தோ எண்பதோ ஆகிவிட்டது. அந்தக் கால்களை எவ்வளவு காலம், எவர் துணையால், எந்தப் பயிற்சியால் நடையில் வைத்திருக்க இயலும் என்பதே இக்கட்டுரையின் விசாரணைக்குரிய பொருள்.

இது செட்டிநாட்டுக்கு மட்டும் உரிய கவலையன்று. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடி, தேச ஜனத்தொகையில் அது 8.6 சதவீதமாக இருக்க, தமிழ்நாட்டில் 10.4 சதவீதமாக இருந்தது. மத்திய அரசின் ஜனத்தொகைக் கணிப்புக் குழு 2031இல் தமிழ்நாட்டில் அது 18.2 சதவீதமாகும் என்று கணித்துள்ளது. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதுமையுறும் மாநிலம் நம்முடையதே. ஆயுள் நீண்டது வைத்தியத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் நீண்ட அந்த ஆண்டுகளில் ஒருவர் தாமே எழுந்து, தாமே குளித்து, தாமே உடுத்தி, தாமே கழிவறைக்குச் சென்று, தாமே உண்ண முடிகிறதா என்ற கேள்வி, இரத்த அழுத்த அளவையும் சர்க்கரை அளவையும் குறித்து வைத்துக்கொள்ளும் நோட்டுப் புத்தகத்தில் இடம்பெறுவதில்லை. அக்கேள்விக்கு விடை தேடுவோர் மருத்துவருக்குத் துணை நிற்கும் வேறு சில தொழிலினர்: இயன்முறை மருத்துவர், செயல்முறைச் சிகிச்சையாளர், பேச்சும் விழுங்குதலும் பயிற்றுவோர், செவித்திறன் பரிசோதகர், கண்ணொளி பார்ப்போர், உணவியலார், பாதத்தைப் பேணுவோர்.

இவர்களுடைய கலைகள் இந்நாட்டில் முதலில் முதியோருக்கென வேர்கொள்ளவில்லை. பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் 1950இல் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் செயல்முறைச் சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கினார். இளம்பிள்ளைவாதம் பரவி நகரை வாட்டியதை அடுத்து, 1953இல் அங்கேயே இயன்முறைப் பள்ளியும் எழுந்தது. தமிழ்நாட்டில் இத்துறைக்கு உருக்கொடுத்தவர்களுள் தலையாயவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி வேலூரில் அத்துறையை நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதியோர் மருத்துவமோ தனி வழியில் வந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978இல் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கு மேற்பட்டப்படிப்பு வந்தது. மறுவாழ்வு ஒரு கட்டடத்திலும் முதியோர் மருத்துவம் இன்னொரு கட்டடத்திலுமாக வளர்ந்ததன் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம்: தொண்ணூறு நாளைக்கு மாத்திரை வாங்கிச் செல்லும் முதியவரிடம், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்று கேட்பவர் அரியர்.

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவது நலம். இயன்முறை மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் முதலில் செய்யும் சோதனைக்கு யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பட்டாலையில் ஒரு நாற்காலியும், தரையில் 3 மீட்டர் தூரத்தில் ஓர் அடையாளமும், கையில் ஒரு கடிகாரமும் போதும். செட்டிநாட்டுத் தரையில், பூவேலைத் தரைக்கல்லாகிய பூக்கல் வரிசைகளே அளவுகோலாகிவிடும். "ஆச்சி, எந்திரிச்சு அந்தப் பூ வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உட்காருங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெறும் விநாடியை மட்டும் எண்ணுவதில்லை. எழும்போது கை எங்கே பற்றுகிறது, முதலடி தயங்குகிறதா, திரும்பும்போது எத்தனை சிறு அடிகள் வைக்கிறார், உட்காரும்போது மெல்ல அமர்கிறாரா, தொப்பென்று விழுகிறாரா என்பதையெல்லாம் பார்க்கிறார். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டென்று கொண்டு பயிற்சி தொடங்குவது வழக்கம்.

பயிற்சி பலிக்குமா என்ற ஐயம் முதியோருக்கும் உண்டு, அவர்தம் மக்களுக்கும் உண்டு. தேய்ந்த உடல் தேய்ந்ததுதான் என்ற எண்ணத்தை அசைத்த ஆராய்ச்சிகளுள் ஒன்று 1990இல் அமெரிக்காவில் வெளிவந்தது: முதியோர் இல்லமொன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி தந்தபோது, தசையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது, இருவர் கைத்தடியை விட்டுவிட்டே நடந்தனர். சிறு தொகையினரிடம் நடந்தது ஆதலால் அதை மட்டும் நம்பி எதையும் நிலைநாட்டுவதற்கில்லை. ஆனால் 2019இல், மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 108 ஆராய்ச்சிகளையும் அவற்றில் பங்குகொண்ட 23,000க்கு மேற்பட்ட முதியோரையும் ஒருங்கே நோக்கி, உடற்பயிற்சியால் விழும் நிகழ்வுகள் ஏறத்தாழ 23 சதவீதம் குறைகின்றன என்று முடிவு கட்டினர். சமநிலைப் பயிற்சியும், எழுதல், படியேறல் முதலான அன்றாடச் செயல்களை ஒத்த பயிற்சியும் அவற்றுள் சிறந்து நின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் வீட்டிலேயே செய்வதற்கு வகுத்த பயிற்சி முறையும், உலக சுகாதார நிறுவனம் 2020இல் விடுத்த அறிவுரையும் இதையே சொல்கின்றன. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சி, முதியோருக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. கோயிலுக்கும் கடைக்கும் நடப்பதே போதுமென்று திருப்தி கொள்வோர் இந்த மூன்றாவது உறுப்பைக் கவனிக்க வேண்டும்; நடை நல்லதே, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் ஆற்றலை அது தனியே தந்துவிடாது.

இங்கே ஒரு பேதத்தையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப்பக்கம் முழங்கால் வலிக்காரர் இயன்முறை நிலையத்துக்குப் போய் வந்தால், "கரண்ட் வச்சாங்களா?" என்பதே முதல் விசாரிப்பாக இருக்கும். அரை மணி நேரம் படுத்திருக்க, கருவி ஏதோ சுளீரென்று இழுக்க, சூடு பரவ, வலி சற்று அடங்கியதுபோல் தோன்ற, காசு கொடுத்ததற்குப் பயன் கிடைத்தது என்ற மனநிறைவோடு திரும்புகின்றனர். மூட்டுத் தேய்வுக்கு அத்தகைய மின்சிகிச்சையைத் தர வேண்டாம் என்றும், பயிற்சியே அடிப்படைச் சிகிச்சை என்றும் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுக் குழு 2022இல் தெளிவாகவே எழுதிவிட்டது. எண்ணெய் தேய்ப்பும் ஒற்றடமும் சுகம் தருவன, அந்த அளவில் அவை ஆட்சேபணைக்குரியன அல்ல. ஆயினும் நோயாளி சும்மா கிடக்க இன்னொருவர் அவருக்குச் செய்யும் எதுவும் பயிற்சியைப்போல் தசையை வளர்க்காது.

பயிற்சி முறைகளை வகுத்தவர்கள் நாற்காலியில் அமர்ந்து பழகிய நாட்டினர் என்பதையும் நாம் மறக்கலாகாது. நம் முதியோரின் சுவாதீனம் தரையில் உட்கார்ந்து எழுவதில் அடங்கியிருக்கிறது. பந்தியில் அமர்தல், கோலமிடுதல், அரிவாள்மணையின்முன் உட்காருதல், குந்தும் கழிவறை ஆகிய இவை யாவும் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் முழு மடக்கில் இயங்குவதைக் கேட்பன. மூட்டு முற்றத் தேய்ந்தவருக்கு அதை விலக்க வேண்டியதுதான். தேயாதவரையும் முன்ஜாக்கிரதை என்ற பெயரால் அறுபது வயதிலேயே தரையிலிருந்து எழுப்பி நாற்காலியில் அமர்த்தி, அந்த அரிய ஆற்றலைத் தாமே இழக்கச் செய்வது வீண் நஷ்டம் என்பது என் துணிபு.

இவ்விடத்தில் ஆத்தங்குடியின் இன்னொரு முதுமையையும் நினைக்கத் தகும். கண்ணாடிப் பலகையின்மேல் பித்தளை அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை உயர்த்தி, மணலும் சிமெண்ட்டும் தூவி, பின்பு கெட்டிச் சாந்தைப் பூசி மட்டம் செய்து, உலர்ந்த கல்லை நீர்த்தொட்டியில் இறக்கி, எடுத்து வெயிலில் வைக்கும் பூக்கல் தொழிலாளிகள், பொழுதெல்லாம் குந்தியும் குனிந்துமே பணிபுரிபவர்கள். ஆச்சியின் முழங்கால் உழைக்காமல் வலுவிழந்தது என்றால் இவர்களுடைய முதுகும் மணிக்கட்டும் ஓயாமல் உழைத்துத் தேய்ந்தவை. ஓய்வூதியம் இல்லாத அவர்களுக்கு நடமாட்டம் என்பது கூலி. ஒருவர் எழுபது வயதில் வேலைக்குப் போக முடிகிறதா என்பதே அவருக்குச் சுதந்திரத்தின் அளவு. முதியோர் நலத்தைப் பற்றி எழுதுவோர், பெரிய வீட்டின் முகப்பை வருணித்துவிட்டு, அதன் தரையை வார்த்தவரை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

இனி, செயல்முறைச் சிகிச்சை. ஆக்குபேஷனல் தெரபி என்று மருத்துவமனைகளில் வழங்கும் இக்கலையை நம்மவர் அதிகம் அறியார். அறிந்த சிலரும் அதைக் குழந்தைகளுக்கு உரியதென்றே கொண்டிருக்கின்றனர். இயன்முறை மருத்துவர் உடலைப் பார்க்கிறார் என்றால், இவர் உடலையும் வீட்டையும் அவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் காரியத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். ஆத்தங்குடி வீட்டுக்குள் இவர் ஒருவர் நுழைந்தால் எதையெல்லாம் காண்பார்? கட்டுக்குக் கட்டு குறுக்கிடும் உயர்ந்த நிலைப்படி. முற்றத்தின் ஓரத்தில் கைப்பிடியின்றி இறங்கும் படி. மழை நாளில் முற்றத்திலிருந்து தெறித்து வழவழத்த பூக்கல்லில் பரவும் நீர். உள்ளறைகளின் மங்கல் ஒளி. பெரும்பாலும் பின்கட்டின் கோடியில் இருக்கும் கழிவறை. இரவில் அங்கே செல்லக் கடக்க வேண்டிய மூன்று வாசல்கள். இரு கையாலும் தூக்க வேண்டிய பித்தளைக் குடம். பூக்கல் தரை வெயிலுக்குக் குளிர்ச்சி, கண்ணுக்கு விருந்து, நடக்க நடக்க மெருகேறுவது. ஈரப் பாதத்துக்கு அம்மெருகே சத்துரு. அடர்ந்த பூவேலையின்மேல் படியின் விளிம்பு எங்கே முடிகிறதென்று புரை படர்ந்த கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

இவற்றுக்குப் பரிகாரம் அற்பச் செலவினது. படுக்கையை முன்கட்டுக்கு மாற்றுதல், கட்டிலருகே கமோடு நாற்காலி, படி விளிம்பில் மாறுபட்ட நிறத்தில் ஒரு பட்டை, இரவு விளக்கு, குளியலறையில் சொரசொரப்பான தரையும் சுவரில் கைப்பிடிக் கம்பியும், நிலைப்படியின் இருபுறமும் சாய்வுப் பலகை, தாழ்ந்த நாற்காலிக்கு உயரக் கட்டை, குடத்துக்குப் பதில் குழாயும் சிறு செம்பும். பர்மாத் தேக்கில் துளை போடுவதா என்று பதறும் வீட்டாரின் கவலையும் நியாயமானதே. சுவரையும் தூணையும் தொடாமல் தரையிலேயே நிற்கும் பிடிச்சட்டத்தை ஊர்த் தச்சரே செய்து தந்துவிடலாம். வீட்டின் அபாயங்களை இவ்வாறு நீக்குவதால் விழும் நிகழ்வு மொத்தத்தில் 26 சதவீதமும், முன்பே விழுந்தவர் முதலான அபாயமிக்கோரிடம் 38 சதவீதமும் குறைவதாக 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுரை கூறுகிறது. அபாயம் இல்லாதாரிடம் பயன் தெரியவில்லை என்பதையும் அது மறைக்கவில்லை. ஆகவே எல்லா வீட்டிலும் கம்பி பதிப்பதைவிட, எவர் வீட்டில் பதிக்க வேண்டும் என்று ஆய்ந்து சொல்ல ஒருவர் இருப்பதே முக்கியம்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாரா சாண்டன் வகுத்த திட்டம் ஒன்றில், செயல்முறைச் சிகிச்சையாளரும் செவிலியும் வீடு பழுதுபார்க்கும் தொழிலாளியும் சேர்ந்து, ஏறக்குறைய ஐந்து மாத காலம் முதியவரின் வீட்டுக்குச் சென்று வருகின்றனர். என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் விதிப்பதில்லை. எதை நீங்களே செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டு, அதற்கேற்பப் பயிற்சியையும் பழுதுபார்ப்பையும் அமைக்கின்றனர். டென்மார்க்கில் பிரெடெரிசியா நகரம் 2008இல், உதவி கேட்கும் முதியவருக்கு ஏவலாளை அனுப்புவதற்கு முன் பயிற்சியாளரை அனுப்புவது என்று முடிவுசெய்தது. 2015இல் அந்நாட்டுச் சட்டமே நகராட்சிகளுக்கு அதைக் கடமையாக்கிற்று. நம் வீடுகளின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. வெளியூர்ப் பிள்ளை, தாயின்மேல் கொண்ட வாஞ்சையால் சமையலுக்கு ஓர் ஆள், துணி துவைக்க ஓர் ஆள், கைபிடித்து அழைத்துப் போக ஓர் ஆள் என்று அமர்த்திவிட்டு, "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா உட்காருங்க" என்று தொலைபேசியில் சொல்கிறார். ஆறு மாதம் அவ்வாறு உட்கார்ந்த ஆச்சி ஏழாம் மாதம் எழுந்திருக்க மாட்டார். அன்பின் பெயரால் இழைக்கும் இத்தீங்கைப்போல் முதியோரை விரைவில் முடக்குவது வேறொன்றில்லை.

சும்மா உட்கார வைப்பதற்கு மாற்று நம் ஊரிலேயே உண்டு. பனையோலையில் கொட்டான் என்னும் கூடை பின்னுதல் செட்டிநாட்டுப் பெண்டிருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த கலை. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விரல்நுனியின் நுண்ணசைவும், நிறங்களை எண்ணி முடையும் கவனமும், உட்கார்ந்து அளவளாவும் தோழமையும் ஒருங்கே அமைந்த அக்கைத்தொழிலைவிடச் சிறந்த கைப்பயிற்சியை எந்தச் சிகிச்சைக் கூடமும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்த ஆச்சிக்குப் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கச் சொல்வதிலும் ஓலையைக் கொடுப்பது மேல்.

பாதம், கண், செவி, நா ஆகியவற்றைச் சுருக்கமாகவே நோக்குவோம். சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்தில் புண் வருவது ஏன் என்பதற்கு வித்திட்ட அறிவு வேலூரிலேயே பிறந்தது: தொழுநோயாளிகளின் பாதங்களை ஆய்ந்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாமையே புண்ணின் மூலம் என்று கண்டார், அவர்களுக்கென வந்த, நுண்துளை ரப்பராலான எம்.சி.ஆர். செருப்பையே இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகின்றனர். வீட்டுக்குள் செருப்பணிவது ஆசாரக் குறைவு என்று கருதும் இல்லங்களில், வீட்டுக்கென்றே தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் சமாதானமாகும். கண்ணைப் பொறுத்தவரை நாம் பாக்கியசாலிகள். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்களே முடக்குவாதத்தால் கோணியவை; அக்கைகளால் கத்தி பிடிக்கப் பயின்று அவர் செய்த கண்புரை அறுவைகள் எண்ணிலடங்கா. செவியில் நாம் பின்தங்கியிருக்கிறோம். கண்ணாடி அணியக் கூசாதவர் செவிக்கருவி அணியக் கூசுகின்றனர். காது கேளாமையால் பேச்சு குறைகிறது, பேச்சு குறைய மனம் ஒடுங்குகிறது. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், மறதிநோய் அபாயம் மிகுந்த முதியோரிடம் செவிக்கருவியும் அதைப் பழக்கும் ஆலோசனையும் மூன்றாண்டில் அறிவுத் தேய்வை ஏறத்தாழ 48 சதவீதம் மட்டுப்படுத்தின. மற்றவரிடம் அத்தகைய வேற்றுமை புலப்படவில்லை. விழுங்கும்போது புரையேறும் பக்கவாத நோயாளிக்கு நீர்த்த கஞ்சியைவிடக் கெட்டியான கூழே பாதுகாப்பாக இருக்கக்கூடும் என்பதை அறிந்து சொல்பவர் பேச்சுப் பயிற்சியாளர். வயதாகிவிட்டது, இரண்டு இட்லி போதும் என்று சுருங்கும் தட்டில், பயறும் முட்டையும் மோரும் இல்லையேல் தசைப்பயிற்சி பலனற்றுப்போகும் என்று எச்சரிப்பவர் உணவியலார். முதியோருக்கு உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டுமென்பது அத்துறையாரின் கருத்து. சிறுநீரக நோயுள்ளவருக்கு மட்டும் இது வேறுபடும்.

இக்கலைகளெல்லாம் கிராமத்து வீட்டு வாசலை எட்டுவது எவ்வாறு? 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வழியாக மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததோடு, இயன்முறை மருத்துவரையும் நோய்தணிப்புச் செவிலியரையும் வீடு தேடி அனுப்பிற்று. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. இது மெய்யாகவே ஒரு புரட்சி. நகரத்து நிலையத்துக்குக் கார் வைத்துப் போக வகையற்ற பூக்கல் தொழிலாளிக்கு வேறு வழியே இருந்ததில்லை. ஆயினும் வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அளவில் உள்ள இயன்முறை மருத்துவர், முதலில் பார்க்க வேண்டியவர் படுக்கையில் கிடப்பவரே. விழாமல் இருப்பதற்காகப் பயிற்சி பெற வேண்டிய ஆச்சி அவருடைய பட்டியலில் வருவது, விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான். செயல்முறைச் சிகிச்சையாளருக்கோ அக்குழுவில் இடமே இல்லை. துணைமருத்துவத் தொழிலினரின் கல்வியையும் பதிவையும் முறைப்படுத்த 2021இல் மத்திய அரசு தேசிய ஆணையச் சட்டம் இயற்றியுள்ளது. சென்னைக் கிண்டியில் 2024 பிப்ரவரியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாயிற்று. கிண்டியில் கிடைக்கும் நிபுணத்துவம் ஆத்தங்குடியின் மூன்றாம் கட்டுக்கு வந்து சேர, வட்டாரக் குழுவில் ஒரு செயல்முறைச் சிகிச்சையாளரைச் சேர்ப்பதும், தன்னார்வலருக்கு அந்த நாற்காலிச் சோதனையைக் கற்றுக்கொடுப்பதும், ஊர்த் தச்சருக்கும் கொத்தனாருக்கும் கூலி தரச் சிறு நிதி ஒதுக்குவதும் போதுமான தொடக்கமாகும். இம்மூன்றுக்கும் புதிய கட்டடம் ஒன்றும் வேண்டியதில்லை.

வெளியூர்வாழ் மக்களுக்கு ஒரு வார்த்தை. அறுபதாம் ஆண்டில் சாந்திக் கல்யாணத்துக்கும் எண்பதில் சதாபிஷேகத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் ஊர் திரும்பி, ஆயிரம் பேருக்கு இலை போடுகிறீர்கள். அடுத்த முறை வரும்போது விழா முடிந்த மறுநாளையும் ஊரிலேயே தங்கிக் கழியுங்கள். காரைக்குடியிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவரை வரவழைத்து, ஐயாவையும் ஆச்சியையும் நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள்; இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, அவர்கள் கழிவறைக்குச் செல்லும் வழியில் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள்; நீங்கள் தடுக்கிய இடத்திலெல்லாம் வேலை செய்யத் தச்சரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு வண்டியேறுங்கள்.